அடிக்கடி துண்டிக்கப்படும் கம்பியில்லா மவுஸ்: ஒரு மதிப்பீடு

நான்கு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் இந்தக் கம்பியில்லா மவுஸ் கைக்கு இதமாக அமைந்திருந்தாலும், திரையில் அம்புக்குறி திடீரென உறைந்து, இரண்டு நொடி கழித்து வேறெங்கோ தாவுவதை வழக்கமாக்கிக் கொண்டிருந்தது. புது பேட்டரி போட்டும், விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் மின்சேமிப்புக்காக யு.எஸ்.பி. ஹப்பை அணைக்கும் அனுமதியை நீக்கியும் பயனில்லை. வெளிப்புற ஹார்டு டிஸ்கில் கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் தொல்லை கூடுகிறது என்பதைக் கவனித்த பிறகே காரணம் பிடிபட்டது: அந்த ஹார்டு டிஸ்க் பயன்படுத்தும் யு.எஸ்.பி. 3.0 என்ற அதிவேக இணைப்புகள் எழுப்பும் மின்காந்த இரைச்சல், மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. மவுஸின் சமிக்ஞையைப் பெறக் கணினியில் செருகும், நகத்தளவே உள்ள ரிசீவரை நீட்டிப்புக் கம்பி ஒன்றில் செருகி, ஹார்டு டிஸ்கிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்ததும் துண்டிப்பு நின்றுவிட்டது. அந்தக் கம்பியைப் பெட்டியில் சேர்க்காததோடு, கையேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத தயாரிப்பாளருக்கு, ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்களுக்கு மேல் தர எனக்கு மனம் வரவில்லை.