கேரட்டா, முருங்கைக்கீரையா, ஈரலா?

எட்டு வயதுப் பேத்திக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது. "கண்ணுக்கு நல்லதாக ஏதாவது வாங்கி வாருங்கள், அம்மா" என்று மகள் செய்தி அனுப்பியபோது தேக்கா சந்தையில் நின்றிருந்தேன். கண் என்றதும் எல்லார் வாயிலும் வருவது வைட்டமின் ஏ. எதில் எடுத்துக்கொள்வது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வழக்கு.

அளவில் ஈரலை மிஞ்ச ஆளில்லை. பச்சைக் கோழி ஈரல் 100 கிராமில் சுமார் 3,300 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 700 முதல் 900 போதும். அந்தப் பலமே அதன் குறை. ஈரலில் இருப்பது ரெட்டினால், அதாவது உடல் மாற்றத் தேவையில்லாத வைட்டமின் ஏ. மிஞ்சியது நம் கல்லீரலில் தங்கிவிடும். வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஈரல் ஆகாது. காட் மீன் ஈரல் எண்ணெயும் இந்த வகைதான்: ஒரு தேக்கரண்டியில் 1,350 வரை இருக்கலாம். பேத்தி வயதுக்கு உச்சவரம்பே 900.

கேரட்டிலும் முருங்கையிலும் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடல் தேவைக்கேற்ப வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும். அளவுக்கு மீறித் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். 100 கிராமுக்குக் கேரட் 835, முருங்கைக்கீரை ஏறக்குறைய 380 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம். கணக்கில் கேரட்டுக்கே வெற்றி. ஆனாலும் என் ஓட்டு கீரைக்கு. எண்ணெய்ப் பசையோடு போனால்தான் கரோட்டின் உடலில் நன்றாகச் சேரும். கேரட்டை வெறும் சாறாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். கீரைக்கோ நல்லெண்ணெயில் கடுகு வெடிக்க வேண்டும், மிளகாய் கருகுமுன் இலையைக் கொட்ட வேண்டும், இறக்கும்போது ஒரு பிடி தேங்காய்ப்பூ. விழித்திரைக்கு வேண்டிய லூட்டீன் என்ற நிறமியும் கீரையில் உண்டு. உருவுகிற வேலைதான் உயிரை வாங்கும்.

மகளிடம் சொல்ல வேண்டியது வேறு. வைட்டமின் ஏ விழித்திரையில் ரோடாப்சின் என்ற நிறமியாகி மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவுகிறது. குறைந்தால் மாலைக்கண் வரும். பேத்திக்கு இருப்பது கிட்டப்பார்வை, கண்விழி நீண்டுவிட்ட கோளாறு. ஈரலோ கீரையோ அதைக் குறுக்காது. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது, கிட்டப்பார்வை வருவதையாவது தள்ளிப்போடும். நம் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு அதுதான் கிடைப்பதில்லை. மூத்தவளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஐந்து வயதுத் தம்பி இருக்கிறான்.

கீரை வாங்கினேன். மாலை 5 மணிக்கு இருவரையும் புளோக் கீழே திடலுக்கு விரட்டிவிட்டு உருவ உட்கார்ந்தேன்.