கல்லடியில் கயாக்: படகு நல்லம், இறங்கத் துறைதான் இல்லை

போன மாதம் இரண்டு தடவை, விடியற்காலை ஆறு மணிக்கு, அண்ணாவின் மகனையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு வாவியில் கயாக் ஓட்டினேன். கல்லடிப் பக்கம் இரண்டு தம்பிமார் சேர்ந்து நடத்துகிற சின்ன இடம். பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறைகளில் பெரும்பாலானவை அவர்கள் கையில் இல்லாதவை, அவர்களுடைய பிழைப்பில் அது விழுவது நியாயமில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இரண்டு பேர் இருக்கிற பிளாஸ்டிக் கயாக், மணிக்கு 1,500 ரூபா. லைஃப் ஜக்கெற் நனைந்து பூஞ்சணம் பிடித்ததாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, வெயிலில் காய்ந்து கொக்கி எல்லாம் சரியாகப் பூட்டியது. மருமகனுக்குச் சிறிய அளவு தேடி எடுத்து, தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்து, காது வரை ஏறுகிறதென்று இன்னும் ஒரு இழுப்பு இறுக்கினார் ஒரு தம்பி. இதைச் செய்கிற ஆட்கள் குறைவு. நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள், விசில் கொடுத்தார்கள், எந்தப் பக்கம் வலை கட்டியிருக்கிறது, எங்கே முதலை படுக்கிறது என்று கையைக் காட்டிச் சொன்னார்கள். கச்சான் காற்று ஒன்பது மணிக்குப் பிறகு எழும்பும், அதற்குள் திரும்பிவிடுங்கள் என்றதும் அவர்கள்தான். அது உண்மை, கச்சான் மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் வாவி நடுவில் சின்னச் சின்ன அலை குறுக்கே வந்து கயாக்கின் மூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்கும், பழக்கமில்லாதவருக்குக் கை விட்டுப்போகும்.

முதல் தடவை கல்லடிப் பாலத்துக்குக் கீழே போனோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டுக்கும் கீழே நிழலில் தண்ணீர் ஒரு நிறமாகவும் வெயிலில் வேறு நிறமாகவும் இருக்கும். இந்த வாவியில் மீன் பாடும் என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பாடும் மீன் கேட்கிறதா என்று மருமகன் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தான். பழைய ஆட்கள் மரத்துடுப்பில் அப்படித்தான் கேட்பார்கள், அதுவும் பூரணை இரவில், பாலத்தடியில் தோணியை நிறுத்திவிட்டு. எங்களிடம் இருந்தது அலுமினியக் குழாய், பட்டப்பகல், மேலே லொறி ஓடுகிறது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் பத்து நிமிடம் அசையாமல் இருந்தான், அவ்வளவு நேரம் அவன் எங்கேயும் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் புளியந்தீவுப் பக்கம் திரும்பினோம், கோட்டையைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும் என்று. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டை. அதை வீதியிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆற்றிலிருந்து பார்க்கும்போதுதான் ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்று விளங்கியது. வாவி என்று எழுதினாலும் எங்கள் வீட்டில் ஆறு என்றுதான் சொல்வோம், மன்னிக்கவும், இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவேன்.

இனி குறை.

நகரப் பக்கக் கரையை ஒட்டி வரும்போது ஒரு இடத்தில் வடிகான் ஒன்று நேராக ஆற்றுக்குள் விழுகிறது. அது வரைக்கும் தண்ணீர் பால் விடாத பிளேன்டி நிறத்தில் இருந்தது, சேறும் கண்டல் இலையும் ஊறிய நிறம், அதில் பயமில்லை. கான் வாயருகே அது சாம்பல் நிறமாக மாறியது, கோடு போட்டதுபோல. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், ஷாம்பு பைக்கற்றுகள், ஒரு பம்பர்ஸ். துடுப்பு நுனி தரையைத் தட்டியபோது கறுப்புச் சேறு கலங்கி அழுகின முட்டை மணம் வந்தது. கரைக்கு வந்து பார்த்தால் மஞ்சள் கயாக்கின் பக்கத்தில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கறுத்த கோடு. தம்பி சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அந்தத் தண்ணீர்தான் துடுப்பிலிருந்து வழிந்து எங்கள் மடியில், கையில், பிள்ளையின் வாயோரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கயாக்கில் நனையாமல் வர முடியாது, அது தெரிந்த விஷயம்.

ஏன் இப்படி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரை முழுக்க மணல், நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில், வீட்டுக்கு வீடு மலக்குழி. மழை பெய்தால் குழிநீரும் கிணற்று நீரும் ஆற்று நீரும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் போடுகிற பசளையும் மருந்தும் வெள்ளத்தோடு வந்து சேர்கின்றன. பசளை சேர்ந்தால் பாசி பெருகும், பாசி இரவில் தண்ணீரிலுள்ள ஒட்சிசனை இழுக்கும், விடியற்காலையில் மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். மேல்ப் பக்கங்களில் உப்புக் குறைந்த இடத்தில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) மூடிக்கொள்ளும்.

இதில் பெரிய விஷயம் முகத்துவாரம். வாவி 56 கிலோமீற்றர் நீளம், ஆனால் கடலோடு பேசுகிற வாய் இரண்டே இரண்டு, பாலமீன்மடுவில் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. வரண்ட காலத்தில் அலை மணலைத் தள்ளி வாயை மூடிவிடும். மூடினால் கான் தண்ணீர் போக இடமில்லை, நிற்கும், ஊறும். மாரியில் வயல் மூழ்கத் தொடங்கினால் வெட்டிவிடுவார்கள், அதிலும் வயல்காரருக்கு ஒரு நேரம், மீன்பிடிக்கிறவருக்கு ஒரு நேரம், எப்போது வெட்டுவது என்பதில் எப்போதும் இழுபறி. கயாக் ஓட்டுகிறவர் யாரும் இதைக் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்திருக்கிற நாளில் கடல் ஏற்றத்தோடு உள்ளே வருகிற தண்ணீரில் கல்லடிப் பாலத்தடி எவ்வளவு தெளிவாக இருக்கும் என்று இரண்டாம் தடவைதான் பார்த்தேன். ஒரே இடம், இரண்டு கிழமை இடைவெளி, வேறு ஆறு.

இரண்டாம் தடவை தெற்கே நொச்சிமுனைப் பக்கம் போனோம். பாதி வழியில் மருமகனுக்கு இறங்க வேண்டும். சின்னப் பிள்ளை, ஒரு மணித்தியாலம் இருந்தாயிற்று, காரணம் சொல்லத் தேவையில்லை. கரையை ஒட்டியே ஓட்டினேன். ஒரு மதில், அதற்குப் பிறகு இன்னொரு மதில், அதற்குப் பிறகு தண்ணீருக்குள் கொங்கிறீற் தூண் போட்டு முட்கம்பி. ஒரு இடத்தில் உடைத்த வீட்டுக் கல்லையும் ஓட்டையும் கொட்டி ஆற்றையே நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள், கல்லின் மேல் வெண்டிச்செடி நட்டிருக்கிறது. வீதி நேராக ஆற்றுக்கு வருகிற இடம் ஒன்று எனக்குச் சிறு வயதிலிருந்து ஞாபகம், மாடு குளிப்பாட்டுவார்கள், தோணி கட்டுவார்கள், அம்மா அங்கே மட்டி வாங்கியிருக்கிறா. அதைத் தேடிப் போனால் வீதி இருக்கிறது, வீதியின் முடிவில் தகரப் படலை போட்டுப் பூட்டியிருக்கிறது. தண்ணீருக்குள் பழைய துறையின் படி மூன்று இன்னும் தெரிகிறது, பாசி பிடித்து. படிகள் இருந்தும் மேலே போக வழியில்லை.

கடைசியில் மீன்பிடிக்கிறவர்கள் தோணி ஏற்றுகிற ஒரு சின்ன இடைவெளியில்தான் ஏறினோம். அங்கே வீச்சுவலையைக் காய வைத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தூரத்திலேயே கையைக் காட்டி, “இஞ்சால வராத மனே, வலை கிடக்கு, அந்தப் பக்கத்தால கிறுகி வா” என்றார். சுற்றி வந்து இறங்கிய பிறகு பிள்ளைக்குத் தேங்காய்ச் சிரட்டையில் நல்ல தண்ணீர் தந்தார். கயாக்காரர் வலைக்கு மேலால் ஓட்டிக் கிழித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னார். வெளிநாட்டுக்காரர், கொழும்புக்காரர், எங்கள் ஊர்ப் பிள்ளைகளும்தான். ஒரு வலை கிழிந்தால் அன்றைய உழைப்போடு அடுத்த இரண்டு நாளும் போகிறது. அவருக்கு மிச்சமிருக்கிற துறையே அது ஒன்றுதான், அதிலும் நாங்கள் போய் ஏறுகிறோம். இதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

இறங்கும்போது செருப்பில்லாமல் காலை வைத்தேன், மட்டி ஓடு ஒன்று பாதத்தின் ஓரத்தில் கீறியது. ஒரு அங்குலம் இல்லை. மூன்றாம் நாள் வீங்கிச் சிவந்து சீழ் வைத்து, ஒரு கிழமை அன்ரிபயோட்டிக் குடித்து, தினமும் மருந்து கட்டினேன். கடற்கரையில் இதைவிடப் பெரிய கீறல் வாங்கி உப்புத்தண்ணீரில் கழுவிவிட்டு வந்தவள் நான். ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மூடின சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள், காயத்தோடு போகாதீர்கள், பெரு மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் விட்டுப் போங்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வையுங்கள். வயல்நீர் கலக்கிற பக்கம் போய்வந்து காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், டொக்டரிடம் தண்ணீருக்குள் இறங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, வேறு இடத்தில் எப்படி? ஐரோப்பாவில் மக்கள் குளிக்கிற நீருக்கென்று 2006இல் ஒரு சட்டவிதி வந்தது. கடலோரத் தண்ணீரும் முகத்துவாரத் தண்ணீரும் “மிகச் சிறந்தது” என்று பெயர் வாங்க வேண்டுமென்றால் 100 மில்லிலீற்றரில் ஈ. கோலை 250க்குள் இருக்க வேண்டும், முடிவைக் கரையில் பலகை போட்டு எழுதி வைக்க வேண்டும். ஈ. கோலை மனிதக் குடலிலும் மாட்டுக் குடலிலும் இருக்கிற கிருமி, அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எங்கள் துறை எதிலும் அப்படியொரு பலகையை நான் பார்த்ததில்லை. நம் நாட்டிலேயே கித்துள்கலையில் களனி கங்கையில் ராஃப்டிங் போயிருக்கிறேன். அங்கே ஏறுகிற இடம், இறங்குகிற இடம் இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த இடம், சறுக்காமல் நடக்கலாம். இங்கே ஆறு வீட்டு வாசலில் ஓடுகிறது, கால் வைக்க இடமில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1981ஆம் ஆண்டு 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கடலோரத்தில் தரைப்பக்கம் 300 மீற்றரையும், கடலோடு சேர்ந்த ஆறு, வாவிகளில் வாயிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று எடுக்கிறது. அதற்குள் கட்ட, நிரப்ப அனுமதி வேண்டும். 2 கிலோமீற்றருக்கு மேலே 50 கிலோமீற்றருக்கு அதிகமான வாவி இருக்கிறதே, அதன் கரையை யார் கணக்கெடுக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பூட்டிய தகரப் படலைக்குப் பின்னால் இருப்பது மாநகர சபையின் வீதி, அதன் முடிவு பொதுமக்களுடையது. அதைத் திறக்கப் புதுச் சட்டம் தேவையில்லை.

கயாக் கொடுக்கிற தம்பிமாரிடமும் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று வாசலில் ஒரு சோக்குப் பலகையில் எழுதுங்கள், வாடிக்கையாளர் தானே முடிவெடுக்கட்டும். மற்றது, கால் கழுவ ஒரு பைப் போடுங்கள், இப்போது இருக்கிற வாளித் தண்ணீரை நாலு பேருக்குப் பிறகு யாரும் தொட முடியாது. பலகைக்கு உடனே ஓம் என்றார்கள். பைப்புக்கு வளவுச் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டுமாம்.

என் புள்ளி: படகு, பாதுகாப்பு, பேச்சு எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலரை. தண்ணீருக்கு, வாய் திறந்த நாளில் மூன்றரை, மூடின நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். துறைக்கு ஒன்று, அந்த ஒன்றும் சிரட்டையில் தண்ணீர் தந்த ஐயாவுக்காக. மருமகன் பூரணைக்கு மரத்துடுப்போடு திரும்பப் போக வேண்டும் என்று நிற்கிறான், தோணி வைத்திருக்கிற ஒருவரிடம் பேசியிருக்கிறேன். தகரப் படலை திறந்து அந்த மூன்று படியால் ஏற முடிகிற நாளில் இதே இடத்தில் வந்து புள்ளியைத் திருத்தி எழுதுவேன்.