போக்கர் கணக்குக்குச் சீ.ஆர். கொப்பி

காசு வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்துக்குக் கணக்கெழுத, கிளிநொச்சிக் கடைகளில் கிடைக்கும் தடித்த மட்டைச் சீ.ஆர். கொப்பியே போதும். நிரல்கள் இல்லாததுதான் குறை. அடிமட்டத்தால் ஐந்து கீறவேண்டும்: திகதி, மேசை, போட்டது, எடுத்தது, அடுத்தவர் பங்கு. கடைசி நிரல்தான் உயிர். 1997இல் போக்கர் உலகத்தொடரை வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டூ உங்கரின் 10 லட்சம் டொலர் பரிசில் பாதி, நுழைவுப்பணம் கட்டியவருக்குப் போனது. மிச்சமும் கரைந்து, மறுவருடமே வெறுங்கையோடு இறந்தார், பாவம்.

வென்றதும் பெரிய மேசைக்குத் தாவுவதுதான் பலரை விழுத்துகிறது. 100 டொலர் கட்டிக் குந்தும் மேசைக்குக் குறைந்தது 3,000 டொலர் கையிருப்பு வேண்டும். 5,000 வென்றவர் 1,000 டொலர் மேசையில் குந்தினால் ஐந்து தோல்வியில் எல்லாம் முடிந்துவிடும். கெட்டிக்காரருக்கும் அப்படித் தொடர்ந்து வரும். வீட்டுச்செலவுக்கு வேறு கொப்பி வாங்குங்கள். விதைநெல்லையும் சோற்றுநெல்லையும் ஒரே சாக்கில் கட்டுவதில்லையே.