சில்வர் பீச்சில் ‘இலவசப் பரிசோதனை’ மேசை: தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கவனம்

கடலூர்க்காரர்கள், அதிலும் வீட்டில் தைராய்டு மாத்திரை போடுபவர் இருந்தால், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறார். டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) 3-க்குள்தான் இருக்கும். தினமும் விடியற்காலை மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் வரை வாக்கிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மேசை போட்டு இலவச உடல் பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொன்னார்கள். ஒரு நிமிஷம். ரத்தம் எடுக்கவில்லை, ஒன்றும் இல்லை. லேப்டாப்பிலிருந்து முப்பது பக்கத்துக்கு மேல் ரிப்போர்ட், பாதி சிவப்பு மையில்: கால்சியம் குறைவு, இரும்புச்சத்து குறைவு, எலும்பு தேய்மானம். கம்பியைப் பிடித்தால் உடம்பில் கால்சியம் எவ்வளவு என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அங்கேயே விற்றும்விட்டார்கள்: கால்சியம், இரும்பு, மல்டிவிட்டமின், எலும்புக்கு ஒரு பவுடர். மொத்தம் 11,400 ரூபாய். “எல்லாம் இயற்கைம்மா, சைடு எஃபெக்டே கிடையாது. காலையில வெறும் வயித்துல தைராய்டு மாத்திரையோட சேர்த்தே போட்டுடுங்க, மறக்காது” என்றாராம் அந்த ஆள்.

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சரியாக ஏறவிடாது. மாத்திரை போட்டும் முழுப் பலன் இருக்காது.

மூன்று மாதத்தில் அம்மாவின் முகம் உப்பியது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். மலச்சிக்கல், கரகரத்த குரல். வயசாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம், அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. டெஸ்ட் எடுத்தால் டிஎஸ்எச் 16.4.

டாக்டர் டோஸை உடனே ஏற்றவில்லை. “வீட்டுல இருக்கிற எல்லா டப்பாவையும் எடுத்துட்டு வாங்க” என்றார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். நாலில் மூன்றில் விட்டமின் டி3 இருந்தது. ஏற்கெனவே அவரே எழுதித் தந்த 60,000 யூனிட் டி3 பவுடர் சாஷேயும் வாரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டி3 அளவுக்கு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கோளாறு வரை போகும். நல்லவேளை, அம்மாவுக்குக் கால்சியம் அளவு சரியாகவே இருந்தது. ஹீமோகுளோபினும் 12.8. இரும்பு மாத்திரையே தேவைப்பட்டிருக்கவில்லை.

இப்போது காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரில். காபிகூட ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. இரண்டுக்கும் நடுவே குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும் என்றார். மற்றதெல்லாம் நிறுத்தம். எட்டு வாரத்தில் டிஎஸ்எச் 4.1. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: முடிக்கு பயோட்டின் என்ற விட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ரிசல்ட் தப்பாகக் காட்டலாம்.

பணத்தைக் கேட்டோம். “சீல் உடைச்சாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்.” பில் என்று தந்தது ரப்பர் ஸ்டாம்ப் குத்திய துண்டுச்சீட்டு. டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. மேசையில் பேசியதெல்லாம் வைத்தியம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிறு பார்த்தேன், அதே மேசை, அதே கம்பி. வரிசையில் ஏழெட்டுப் பேர், எல்லாரும் அம்மா வயசு. இரண்டு பேரிடம் அம்மாவின் ரிப்போர்ட்டைக் காட்டினேன். ஒருவர் வரிசையிலிருந்து விலகி வந்தார்.