விக்டோரியா மண்டபமா, கலைவாணர் அரங்கமா? சென்னையின் முதிய அரங்குகளை மீட்கும் வழிகள்

முதுமையடைந்த கலையரங்குகளை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சென்னை மாநகரம் கடந்த இருபது ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு விடைகளைச் செய்தே பார்த்திருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தைப் பழுது நீக்கி மீட்க முற்பட்டது முதல் விடை. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலிருந்த கலைவாணர் அரங்கத்தை இடித்துவிட்டு அதே பெயரில் புதிய கட்டடம் எழுப்பியது இரண்டாவது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலுள்ள அரங்கத்தைப் போல, அமைப்பை மாற்றாமல் அவ்வப்போது பராமரித்து ஓட்டிக்கொண்டு போவது மூன்றாவது.

இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் செலவையும் இருக்கைகளின் எண்ணிக்கையையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். பொறியாளரின் கோப்புக்கு அது போதும். மேடையேற வேண்டியவர்களுக்குப் போதாது. புரவலர் எவரும் இல்லாத, பதினைந்து பேர் கொண்ட ஒரு நாடகக் குழுவுக்கு வார நாள் ஒன்றின் மாலையில் அந்த மேடை கிடைக்குமா, முதல் நாளே விளக்குகளைக் கட்டி ஒத்திகை பார்க்க முடியுமா, அதற்கான வாடகை நுழைவுச்சீட்டு வசூலுக்குள் அடங்குமா என்பவற்றையே இங்கே முதன்மையான அளவுகோலாக வைக்கிறேன். கட்டடத்தின் வரலாற்று மதிப்பும் அழகும் அதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன. இந்த வரிசை மரபுச் சின்ன ஆர்வலர்கள் பலருக்கு உவப்பாக இராது என்பதை அறிவேன்.

விக்டோரியா மண்டபத்திலிருந்து தொடங்கலாம். ராபர்ட் பெல்லோஸ் சிஷோம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டிய இந்த மண்டபம் 1880களின் இறுதியில் எழுந்தது. விக்டோரியா அரசியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி அப்பெயரைப் பெற்றாலும், நகரத்துப் பெருமக்கள் அளித்த நன்கொடையால் உருவான பொதுச் சொத்து அது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே சொற்பொழிவாற்றினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இந்த மேடையில் நாடகங்களை நடத்தியது. சென்னைவாசிகள் சலனப்படத்தை முதன்முதலில் கண்டதும் 1890களில் இதே கூடத்தில்தான். அக்கம்பக்கத்தில் மூர் மார்க்கெட்டும் மக்கள் பூங்காவும் இருந்த காலத்தில், மாலைப் பொழுதைக் கழிக்க வருவோர் இயல்பாக வந்து சேரும் இடமாக அது விளங்கியது. பூங்கா துண்டு துண்டாக வேறு பயன்களுக்குப் போனது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோய், அங்கே புறநகர் ரயில் நிலையம் வந்தது. மண்டபமோ குத்தகைச் சிக்கலிலும் வழக்குகளிலும் மாட்டிக்கொண்டு, முன்புறத்தைக் கடைகளுக்கு விட்டுக்கொடுத்து, நீண்ட காலம் பூட்டிக் கிடந்தது.

அதை மீட்கும் வேலை எளிதானதன்று. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மரமும் சேர்ந்த இத்தகைய கட்டடத்தில், இடைக்காலப் பழுதுபார்ப்புகளின்போது சிமெண்ட் பூசிவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, உப்பு பூத்து, செங்கல்லையே அரித்துவிடும். ஆகவே அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பு அரைத்துப் பூச வேண்டும். அதற்குத் தேர்ந்த கொத்தனார்கள் இப்போது குறைவு. மெட்ரோ ரயில் பணிகள் அருகிலேயே நடந்த ஆண்டுகளில் மண்டபத்தின் வேலை தடைப்பட்டு நின்றதும் காலத்தை விழுங்கியது. பிறகு சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின் கீழ், 30 கோடி ரூபாய்க்கு மேலான மதிப்பீட்டில் மாநகராட்சி புதுப்பிப்பு வேலையை மேற்கொண்டது.

இவ்வளவு செலவழித்த பிறகும் அது நல்ல அரங்கமாகிவிடுமா என்ற ஐயம் நியாயமானதே. வாகன நெரிசல் ஓயாத பெரியார் சாலை வாசலில் இருக்கிறது. பக்கத்திலேயே ரயில் நிலையம். பெரிய சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்று வாங்கும்படி கட்டிய கூடத்தில் குளிர்சாதனம் பொருத்தினால் சன்னல்களை மூட வேண்டும்; மூடினால் வெளியிரைச்சல் குறையும், ஆனால் உள்ளே ஒலி வெளியேறாமல் சுவருக்குச் சுவர் மோதும். நாடக வசனம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் எழும் ஒலி ஏறத்தாழ ஒரு நொடியில் அடங்கிவிட வேண்டும். மேற்கத்திய வாத்தியக் குழுவின் இசைக்கு ஏறத்தாழ இரண்டு நொடி நீடித்தால்தான் சுவை. வழவழப்பான சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய கூடங்கள் இயல்பாகவே இரண்டாவது பக்கம் சாய்பவை. கட்டட அழகைக் கெடுக்காமல் அதைப் பேச்சுக்கும் நாடகத்துக்கும் ஏற்றபடி திருத்துவதற்கு ஒலியியல் வல்லுநர் முதல் நாளிலிருந்தே உடனிருக்க வேண்டும். சுவர் பூசி, வண்ணம் அடித்து, அலங்கார விளக்கு மாட்டிய பிறகு ஒலிபெருக்கிகளை வாங்கி நிறுத்தும் நம் வழக்கத்தால் அது நடக்காது.

செய்ய முடியும் என்பதற்குச் சான்று, அதே அரசியின் பெயர் தாங்கிய சிங்கப்பூர் விக்டோரியா அரங்கம். 1862இல் நகர மண்டபமாகத் தொடங்கி, 1905இல் இணைக் கட்டடமும் பெற்ற அந்த வளாகத்தை 2010இல் மூடி, சுமார் 15.8 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவிட்டு, 2014இல் திறந்தார்கள். அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளில் என்னை மிகவும் கவர்ந்தது, நாடக அரங்கின் இருக்கைகளை 904இலிருந்து 614ஆகக் குறைத்ததுதான். கடைசி வரிசைக்கும் நடிகரின் முகம் தெரிய வேண்டும், பார்வையாளர் கூடத்துக்கு வெளியே நிற்கவும் பேசவும் இடம் வேண்டும் என்பதற்காக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கைகளை விட்டுக்கொடுத்தார்கள். நம்மூரில் ஓர் அதிகாரி ‘செலவு இத்தனை கோடி, இருக்கை முந்நூறு குறைவு’ என்று கோப்பில் எழுதிவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். கழற்றிய பழைய நாற்காலிகளின் மரத்தைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. சுவர்ப் பலகைகளாக மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

இடித்துக் கட்டும் வழிக்குச் சாதகமான வாதங்கள் வலுவற்றவை அல்ல. புதிய கட்டடத்தில் மேடைக்குப் பின்னே லாரி வந்து பொருள் இறக்க இடம் விடலாம். ஒப்பனை அறைகள், மின்தூக்கிகள், சக்கர நாற்காலிக்கான சாய்தளம், தீயணைப்பு வழிகள் எல்லாவற்றையும் விதிப்படி அமைக்கலாம். முடிவு தேதியும் செலவும் ஓரளவு கணிக்கத்தக்கவை. பழைய சுவரைத் திறக்கும்போது உள்ளே என்ன காத்திருக்கிறது என்ற அச்சமும் இல்லை. 2016இல் திறக்கப்பட்ட புதிய கலைவாணர் அரங்கம் வசதிகளில் பழையதைவிடப் பல மடங்கு மேம்பட்டது. இதில் தர்க்கத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்த இடத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1952இல் சட்டமன்றம் கூடுவதற்காக அரசினர் தோட்டத்தில் எழுப்பப்பட்ட கட்டடமே பின்னாளில் பாலர் அரங்கமாகி, அதன் பிறகு என்.எஸ்.கிருஷ்ணனின் நினைவாகக் கலைவாணர் அரங்கம் என்ற பெயரைப் பெற்றது. ஓர் அரசுக் கட்டடம் காலப்போக்கில் நாடகக்காரர்களின் கட்டடமானது. புதிய தலைமைச் செயலக வளாகம் எழுந்தபோது அது இடிக்கப்பட்டது; அந்த வளாகமும் அரசியல் மாற்றத்தால் 2014இல் மருத்துவமனையாகியது தனிக் கதை. புதிய அரங்கம் திறந்து நான்கரை ஆண்டுகள் கழித்து, கொரோனா கால இடைவெளியைக் கடைப்பிடிக்க வேண்டி, 2020 செப்டம்பரில் சட்டமன்றம் மீண்டும் அங்கேயே வந்து கூடியது. நெருக்கடி நேரத்தில் அரசு தன் கூடத்தைப் பயன்படுத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவ்வளவு எளிதாக அது சட்டமன்றமாக மாறியதே, எந்தப் பயனை முன்னிறுத்தி அது கட்டப்பட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. அரசு விழாக்களுக்கும் மாநாடுகளுக்கும் பொருந்தும் பல்நோக்குக் கூடம் அது; ஆயிரம் பேர் அமரும் அதன் பெரிய அரங்கில் இருநூறு பேரைத் திரட்டும் சிறு குழு தொலைந்துபோகும். கலைவாணரின் பெயர் நிலைத்தது. அவர் வளர்ந்துவந்த நாடகத் தொழிலுக்கு அங்கே கிடைத்த இடம் குறைவு.

இதனால் மீட்பதே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. கொல்கத்தாவின் ஸ்டார் தியேட்டர் இதற்கு எச்சரிக்கை. வங்க நாடக மேடையின் பெருமைக்குரிய அந்த அரங்கம் 1991இல் தீயில் அழிந்தது. கொல்கத்தா மாநகராட்சி பழைய முகப்பைக் காப்பாற்றி, உட்புறத்தைப் புதிதாக அமைத்து 2004இல் திறந்தது. நடத்தும் பொறுப்பு தனியாருக்குப் போனதும், அது பெரும்பாலும் திரைப்படம் ஓடும் கொட்டகையாகிவிட்டது. முகப்பைக் கண்டு மகிழ்வோருக்கு அது மீட்பு. நடிகர்களுக்கு அது இழப்பு. மும்பையின் ராயல் ஓபரா ஹவுஸ் 1993இல் மூடப்பட்டு, கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டு 2016இல் திறந்தபோது, மீண்டும் நேரடி நிகழ்ச்சிகளுக்கே வந்தது. கோண்டல் அரச குடும்பம் என்ற ஒரே உரிமையாளர் இருந்ததும், அவர்கள் அதை அரங்கமாகவே வைத்திருக்க விரும்பியதும் அங்கே பெருங்காரணம். நம் விக்டோரியா மண்டபத்துக்கு உரிமையாளர் மாநகராட்சி. குப்பை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றுக்கு நடுவே ஓர் அரங்கத்தின் நாட்குறிப்பை, அதாவது எந்த நாளில் எவருக்கு மேடை என்பதை, யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் என் கவலை முழுவதும்.

மூன்றாவது வழியான எழும்பூர் அருங்காட்சியக அரங்கைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1896இல் எழுந்த அந்த அரங்கில் அரைவட்டமாகப் படிப்படியாக உயரும் இருக்கைகளில் சுமார் 600 பேர் அமரலாம். நடிகரின் குரல் ஒலிவாங்கியின் துணையின்றியே பின்வரிசையை எட்டும். பெரும் புதுப்பிப்பு எதுவும் அதன் அடிப்படை வடிவத்தைத் தொடவில்லை. ஆகவேதான் அது இன்னும் அரங்கமாகவே இருக்கிறது என்று சொல்லத் துணிவேன். அதன் குறைகளும் அதே காரணத்தால் வந்தவை: நவீன ஒளியமைப்புக்குப் போதுமான ஏற்பாடு இல்லாமை, மேடைக்குப் பின்னே இடநெருக்கடி, முதியோருக்குச் சிரமம் தரும் படிகள். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு, மற்ற இரு வழிகளோடு ஒப்பிடுகையில் சிறு தொகையாகவே இருக்கும். குறைந்த செலவில் கூடுதல் பயன் என்று பார்த்தால் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும்.

மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்பார்கள். உறுப்பினர் சந்தாவாலும் மார்கழி வருவாயாலும் தங்கள் அரங்குகளைத் தாங்களே புதுப்பித்துக்கொள்ளும் அவர்களின் ஆற்றல் பாராட்டத்தக்கது. 1928இல் தோன்றிய மியூசிக் அகாதமி 1962இல் சொந்த அரங்கைத் திறந்து இன்றுவரை அதைத் தரமாக வைத்திருக்கிறது. ஆயினும் அந்த முறை கர்நாடக இசைக்கும் பரதத்துக்கும் உள்ள நிலையான ரசிகர் வட்டத்தின் மேல் நிற்பது. கூத்துக்கும் புது நாடகத்துக்கும் கானாவுக்கும் அத்தகைய சந்தாதாரர்கள் இல்லாததால், அவற்றுக்குப் பொது அரங்கம் இல்லாமல் தீராது.

அரங்கங்களைத் தனித்தனியே எடைபோடுவதிலும் ஒரு தவறு இருக்கிறது. விக்டோரியா மண்டபத்திலிருந்து பெரியார் சாலை வழியே மேற்கே போனால் 1850இல் தொடங்கப்பட்ட கவின் கலைக் கல்லூரி. மண்டபத்தை வடிவமைத்த சிஷோம் அதன் தலைவராகவும் இருந்தவர். அங்கிருந்து எழும்பூருக்குள் திரும்பினால் அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியக அரங்கமும் ஒரே வளாகத்தில். இரு முனைகளிலும் ரயில் நிலையமும் மெட்ரோவும் உண்டு. கலை வளாகம் ஒன்றைப் பல நூறு கோடியில் புறநகரில் புதிதாக உருவாக்க நினைப்போர், மூன்று கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே அமைந்துகிடக்கும் இந்த வரிசையை ஒருமுறை நடந்து பார்க்கலாம். நடப்பதுதான் சிரமம்: நடைபாதை பல இடங்களில் இல்லை, சாலையைக் கடப்பது உயிரைப் பணயம் வைப்பது, இரவு ஒன்பது மணிக்குமேல் வெளிச்சமும் குறைவு. மாநகராட்சி, அருங்காட்சியகத் துறை, நூலகத் துறை, கலை பண்பாட்டுத் துறை என்று ஒவ்வொன்றும் வேறு வேறு கையில் இருப்பதால் ஒரே நாளில் ஓவியக் கண்காட்சி, சொற்பொழிவு, நாடகம் என்று இணைத்துத் திட்டமிட எவருக்கும் அதிகாரம் இல்லை. சிங்கப்பூரில் விக்டோரியா அரங்கையும் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் இயங்கும் கலை இல்லத்தையும் வேறு சில கலை மையங்களையும் லாப நோக்கற்ற ஒரே நிறுவனம் நடத்துகிறது. கட்டடம் அரசுடையது, நாட்குறிப்பு அந்த நிறுவனத்துடையது.

என் தேர்வு இதுதான்: அருங்காட்சியக அரங்கின் மேடை வசதிகளை உடனே மேம்படுத்துவது, விக்டோரியா மண்டபத்தை இருக்கை எண்ணிக்கை பற்றிக் கவலைப்படாமல் முந்நூறு நானூறு பேருக்கான பேச்சு, நாடக, சிறு இசைக் கூடமாக நடத்துவது, கலைவாணர் அரங்கத்தை அது எதற்குப் பொருத்தமோ அந்தப் பெரு விழாக்களுக்கே விட்டுவிடுவது. முதல் இரண்டையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, அதில் நாடகமும் இசையும் அறிந்த ஒருவரை முழுநேரப் பொறுப்பில் அமர்த்த வேண்டும். வாரத்தில் மூன்று மாலைகளையாவது அரசு நிகழ்ச்சிகளுக்குத் தராமல் குழுக்களுக்கென ஒதுக்க வேண்டும். நிறுவனங்களுக்கு ஒரு வாடகை, நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் குழுக்களுக்கு அதில் ஒரு சிறு பகுதி, ஒத்திகை நாளுக்கு மின் கட்டணம் மட்டும் என்று எழுத்தில் விதி வகுத்து, முன்பதிவு நிலவரத்தை எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இவ்விதிகளுக்குக் கொத்தனாரும் சுண்ணாம்பும் தேவையில்லை. மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானமும், அருங்காட்சியகத் துறையிலிருந்து ஓர் அரசாணையும் போதும்.