டியூபா மவுத்பீஸ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் போடுங்கள்: 8,400 ரூபாய் போச்சு

நேற்று சாயங்காலம், எனக்கு மவுத்பீஸ் விற்ற கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மதுரைப் பக்கம் பேண்டு செட்டில் பேஸ், அதாவது டியூபா என்கிற பெரிய பித்தளைக் குழல், வாசிக்கிற தம்பிகள் ஒருத்தராவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கடைப் பேரைப் போடவில்லை. இசைக்கருவிகளை வாட்ஸப்பில் படம் போட்டு, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்புகிற வகைக் கடை.

நான் திருமங்கலம் பக்கம் ஒரு செட்டில் டியூபா வாசிக்கிறேன். கல்யாணம், கோயில் திருவிழா, சர்ச் சப்பரம் என்று எல்லாவற்றுக்கும் போவோம். உதட்டில் வைத்து ஊதுகிற என் பழைய மவுத்பீஸின் விளிம்பில் வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. ஒரு மணி நேரம் ஊதினால் உதடு அரிக்கும், மறுநாள் வீங்கும். வைகாசி முகூர்த்தத்துக்குள் புதுசு வாங்கியாக வேண்டும்.

இரண்டு மாதம் விசாரித்துத்தான் வாங்கினேன், அதுதான் வயிற்றெரிச்சல். மவுத்பீஸ் செய்கிற பாக் (Bach) கம்பெனியில் மாடல் எண் கூடக் கூட, உதடு பதிகிற கிண்ணம் சின்னதாகும். 18 என்றால் உள்விட்டம் 32 மில்லிமீட்டருக்கு மேல், 24 ஏ.டபிள்யூ. என்றால் 31 சொச்சம். எங்கள் மாஸ்டரிடம் ஒரு 18 இருக்கிறது. சோழவந்தான் செட்டில் ஒரு அண்ணன் ஹெல்பெர்க் வைத்திருக்கிறார். அமெரிக்காவில் ஜான் பிலிப் சூசா என்ற இசையமைப்பாளர் நடத்திய பேண்டில் டியூபா வாசித்த ஆகஸ்ட் ஹெல்பெர்க் பேரில் வந்த அமைப்பு அது. இரண்டையும் மாறி மாறி ஊதிப் பார்த்தேன். 18-இன் உட்புறம் கிண்ணம் போல வளைந்திருக்கும், ஸ்வரம் எடுக்கிற அடி சுத்தமாக விழும். ஹெல்பெர்க் புனல் மாதிரி ஆழமாகச் சரியும். மூச்சு அதிகம் கேட்கும். ஆனால் கீழ் ஸ்வரத்தைப் பிடித்தால் மொத்த செட்டையும் தாங்குகிற மாதிரி ஒரு கனம் வரும். அன்றைக்கே மனசு அதில் விழுந்துவிட்டது.

மவுத்பீஸில் டியூபாவுக்குள் சொருகுகிற தண்டு, அதன் அளவைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். அமெரிக்கத் தண்டு, ஐரோப்பியத் தண்டு என்று உண்டு, ஐரோப்பியத் தண்டு கொஞ்சம் தடிமன். என் டியூபாவில் மவுத்பீஸ் சொருகும் குழாயை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அந்தக் கடைக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் அவரே போன் செய்தார். "தம்பி, நானும் பேண்டுல ஊதுனவன்தான். உதட்டு வலி எனக்குத் தெரியாதா? ஒரிஜினல் கான் கம்பெனி ஹெல்பெர்க், உங்க டியூபாவுக்கு அளவெடுத்த மாதிரி உக்காரும். கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார். நானும் ஊதுனவன்தான் என்று சொன்னாரே, அந்த இடத்தில்தான் விழுந்தேன். நம்ம ஆள் என்று நினைத்துவிட்டேன். ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு என் கூலி 1,200. ஏழு ராத்திரி நடந்து ஊதிய பணம், 8,400 ரூபாய், ஒரே தட்டில் ஜிபேயில் போனது.

ஆறாம் நாள் பார்சல் வந்தது. சொருகினேன். கையை எடுத்ததும் தடக்கென்று ஆடியது. ஒரு அங்குலம் போய் இறுக்கிப் பிடிக்க வேண்டிய தண்டு, அதைத் தாண்டி உள்ளே போயும் பிடிக்கவில்லை. ஊதினால் ஓரத்தில் காற்று கசிகிறது, ஸ்வரம் பிளக்கிறது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நடுத்துளை நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கி, உள்ளே பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்துப் பொறிப்பும் மழுங்கல். தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் புரட்டியதுமே "இது கடைஞ்சது இல்லப்பா, வார்த்து பாலிஷ் போட்டது" என்றார். வெர்னியர் வைத்து அளந்தால் தண்டு முனை என் பழையதைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஒல்லி. மூன்றாம் நாள் வாயைத் துடைத்த கைக்குட்டையில் பச்சைக் கறை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "பேப்பர் சுத்திச் சொருகுங்க தம்பி" என்றார். அடுத்த நாள் "உங்க டியூபாதான் பழசு, குழாய் அகண்டு போச்சு." அதற்கடுத்த நாள் வேறொரு பையன் எடுத்து "ஓனர் வெளியூர்ல இருக்காரு" என்றான். கடைசியில் ஒரு மெசேஜ்: வாயில் வைத்த பொருளைச் சுகாதாரம் கருதித் திரும்ப எடுப்பதில்லையாம். வாயில் வைக்காமல் மவுத்பீஸை எப்படிச் சோதிப்பது? படம், வீடியோ, வெர்னியர் அளவு எல்லாம் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 8,400 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு வரி போட்டேன், பிளாக். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் பாருங்கள். தண்டு முனையின் விட்டத்தை மில்லிமீட்டரில், வெர்னியர் வைத்த படத்தோடு கேளுங்கள். நடுத்துளைக்குள் லைட் அடித்து வீடியோ கேளுங்கள். ஊதிப் பார்த்தபின் திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது எதுவும் நிற்காது. முடிந்தால் டியூபாவைத் தூக்கிக்கொண்டு நேரில் போங்கள்.

இன்று ராத்திரி உசிலம்பட்டியில் பெண் அழைப்பு. பழைய மவுத்பீஸைத்தான் பையில் போட்டிருக்கிறேன்.