உங்கள் வீட்டு இரவுக்கு எந்த ஆர்க்கிட்?

குட்டி ஆர்க்கிட் வாங்கப் போகிறேன் என்பவர்கள் முதலில் காட்டுவது ஒரு பூவின் படத்தைத்தான். நான் கேட்பது வேறு. மே மாதம் விடியற்காலை நாலு மணிக்கு, செடி இருக்கப்போகிற இடத்தில் எத்தனை டிகிரி? அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டரை ஒரு வாரம் அங்கே தொங்கவிட்டால் விடை தெரிந்துவிடும். மலைக்காட்டு ஆர்க்கிட் பகலில் கொஞ்சம் சூட்டைத் தாங்கும். இரவிலும் புழுங்கினால் தாங்காது. பகலெல்லாம் இலை சேர்த்த சர்க்கரையை அந்த வெக்கையில் செடி சுவாசித்தே தீர்த்துவிடும், வளர மிச்சமிருக்காது.

எங்கள் வீடு குன்னூரில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில். இங்கே நான் வளர்த்துப் பார்த்த நான்கு வகைகளை வைத்துத்தான் இந்த அலசல்.

என் மனம் முதலில் போவது மஸ்டவேலியாவிடம். ஆண்டிஸ் மலையின் மேகக்காட்டுச் செடி. மூன்று புல்லிவிதழ்கள் அடியில் ஒட்டிக் குழாயாகி, நுனியில் வால் போல நீளும். இதழ்கள் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒடுங்கியிருக்கும். பெருவின் மாச்சு பிச்சு பக்கத்தில் வளரும் வீச்சியானா என்ற மஸ்டவேலியா இனத்துக்கு ஆரஞ்சு நிறப் பூ. அதன்மேல் ஊதா நிற நுண்மயிர்கள் படர்ந்திருப்பதால், வெளிச்சம் திரும்பும்போது பூவின் நிறமே மாறுகிற மாதிரி இருக்கும். கெச்சுவா மொழியில் அதன் பெயர் 'வாக்கான்கி', 'நீ அழுவாய்' என்று பொருள்.

மஸ்டவேலியாவுக்கு நீரைச் சேமிக்கும் குமிழ் கிடையாது. இலையும் வேரும்தான். ஆகவே காய விடக்கூடாது, ஊறிக் கிடக்கவும் விடக்கூடாது. ஸ்பாக்னம் பாசியில் நட்டு, பிழிந்த துணியின் ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும். இரவு 10 முதல் 14 டிகிரி, பகல் 24க்குள் இருந்தால் நிம்மதி. காற்று ஓட்டமும் கட்டாயம், சின்ன ஃபேன் போதும். நான் செய்த பெரிய தப்பு தண்ணீரில்தான். முதல் ஆண்டு போர்வெல் தண்ணீரே ஊற்றினேன். இலை நுனிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. பூஞ்சை என்று நினைத்து மருந்தடித்தேன், நிற்கவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தபோது 400ஐத் தாண்டியிருந்தது. மழைத்தண்ணீருக்கு மாறிய பின் வந்த இலைகள் சுத்தமாக வந்தன.

மஸ்டவேலியாவிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வெனிசுவேலாவின் தோவாரென்சிஸ் என்ற இனம். கைக்கடக்கமான செடி, பனிக்காலத்தில் தூய வெள்ளைப் பூ. பூ உதிர்ந்ததும் காம்பை வெட்டிவிடாதீர்கள். பச்சையாக இருக்கும் காம்பில் அடுத்த ஆண்டும் பூக்கும்.

இதற்கு நேர்ப் போட்டி நியூ கினி மலைகளின் டென்ட்ரோபியம் கத்பர்ட்சோனி. விரல் உயரம்கூட இல்லாத செடி, சொரசொரப்பான இலை, அதன்மேல் செடிக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய பூ. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், இளஞ்சிவப்பு, இரட்டை நிறம் என்று எல்லாம் உண்டு. ஒரே பூ மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும். நல்ல குளிர் கிடைத்தால் எட்டு, ஒன்பது மாதம் வரைகூட. அழகிலும் நீடிப்பிலும் மஸ்டவேலியா இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வேரைத் தொட்டால் கோபித்துக்கொள்ளும். சட்டி மாற்றியபின் நன்றாக இருந்த செடி இரண்டே வாரத்தில் இலை கொட்டிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். மஸ்டவேலியா தப்பை இலையில் காட்டி எச்சரிக்கும், இது எச்சரிக்காது. ஒரு மஸ்டவேலியாவை இரண்டு ஆண்டு நன்றாக வளர்த்த பிறகு இதை வாங்குங்கள்.

ஜப்பானின் நியோஃபினீஷியாவை இப்போது வாண்டா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். எடோ காலத்துப் பிரபுக்கள் விரும்பி வளர்த்த செடி, அங்கே அதன் தேர்ந்த வகைகளுக்கு 'ஃபூகிரான்' என்று பெயர். இலையின் வளைவுக்கும் வரிக்குமே அவர்கள் விலை வைக்கிறார்கள். பாசியை உள்ளே வெற்றிடம் விட்டுக் குன்று போலக் குவித்து, அதன்மேல் வேரைப் பரப்பி உட்காரவைப்பார்கள். கோடையில் 30 டிகிரிக்கு மேலும் தாங்கும், குளிர்காலத்தில் 8, 10க்கு இறங்கினாலும் கவலையில்லை. வெள்ளைப் பூவின் மணம் இருட்டிய பிறகுதான் வீட்டை நிறைக்கும். அது அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. வளர்ச்சி மிக மெதுவு, அது ஒன்றுதான் குறை. பெங்களூரிலிருந்து கேட்கிறவர்களுக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியப் பாறைச் செடியான டென்ட்ரோபியம் கிங்கியானம் நால்வரில் முரட்டுப் பிள்ளை. நல்ல வெளிச்சம் கொடுத்து, பனிக்காலத்தில் இரண்டு மாதம் தண்ணீரை வெகுவாகக் குறைத்தால் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளும். அந்தக் குளிரும் வறட்சியும் கிடைக்காவிட்டால் தண்டெங்கும் கன்று விடும், பூக்காது. முதல் செடிக்கு ஏற்றது. எனக்கு அதன்மேல் பெரிய காதல் இல்லை.

வாங்கும் இடத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீசாவில் விதை முளைக்கவைத்து வளர்த்த நாற்றுகளையே கேட்டு வாங்குங்கள். மலைச்சாலை ஓரத்தில், பாசியோடு சேர்த்துப் பிய்த்த சோலைக்காட்டு ஆர்க்கிட்களை விற்றால் ஒன்றைக்கூட வாங்காதீர்கள். பத்து ரூபாய்க்கு வரும் அந்தக் கொத்து, கிளையில் பிடித்து வளரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். சமவெளிக்குப் போனால் ஒரு கோடை தாண்டாது.

சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு, செலவுள்ள வழி. ஒயின் வைக்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டியில் எல்இடி விளக்கும் கம்ப்யூட்டர் ஃபேனும் பொருத்தி, இரவில் 12 டிகிரிக்கு இறங்கும்படி டைமர் வைத்து வளர்க்கிறார்கள். அதற்குள் வீச்சியானா வேண்டாம், அதன் பூத்தண்டு ஒரு அடிக்கு மேல் உயர்ந்து மேல்தட்டில் முட்டும். தோவாரென்சிஸ் ஒரு சட்டி வையுங்கள். அது இரண்டாவது முறை பூத்ததும் பக்கத்தில் கத்பர்ட்சோனிக்கு இடம் கொடுங்கள்.